கொலோனோஸ்கோபி நார்மல் என்றால் எவ்வளவு நார்மல்?

"போன வருஷம்தான் ஸ்கோப் பண்ணினேன் டாக்டர், நார்மல்னு சொல்லிட்டாங்க" என்று ஒருவர் கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) ரிப்போர்ட்டை நீட்டினார். அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருந்ததால் பார்த்துக்கொண்டாராம். நான் கடைசி வரிக்குப் போகவில்லை, குடல் சுத்தம் எப்படி இருந்தது என்று தேடினேன். "சுமார்" என்று ஒரே வார்த்தை. சுமார் என்றால் ஒரு வருஷத்துக்குள் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சரி, திரும்பப் பார்க்கலாம் என்று உள்ளே போனால் பழுப்புக் குழம்பு, நடுவில் கொய்யா விதைகள். உறிஞ்சினால் விதை ஸ்கோப்பை அடைக்கிறது, நர்ஸ் சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சி அடைப்பை எடுத்துவிட்டால் கொஞ்சம் நகர்ந்ததும் மறுபடியும் அடைப்பு. பாதியில் நிறுத்திவிட்டேன். பேதி மருந்து குமட்டியதால் கால்வாசியை சிங்க்கில் கொட்டிய கதையை அப்புறம் அவர் மனைவிதான் சொன்னார்.

அவரைத் திட்ட மனம் வரவில்லை, அந்த உப்புத் தண்ணீரை இரண்டு லிட்டர் குடிப்பது லேசான வேலை இல்லை. ஃபிரிட்ஜில் வைத்து, எலுமிச்சை பிழிந்து குடித்தால் கொஞ்சம் இறங்கும். ஆனால் முழுவதையும் முந்தின நாளே முடித்துவிடாதீர்கள். ராத்திரியில் சிறுகுடலிலிருந்து வரும் பித்தநீர் வலது பக்கக் குடலில் பூசினாற்போல் படிந்துவிடும், தட்டையான பாலிப்கள் (குடலின் உள்சுவரில் வளரும் சதைகள்) ஒளிந்துகொள்வதும் பெரும்பாலும் அங்கேதான். பாதியை மாலையில், மீதியை ஸ்கோப்புக்கு நாலைந்து மணி நேரம் முன்னால் தொடங்கி, கடைசி இரண்டு மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். விதையுள்ள பழம், கீரை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாவற்றையும் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம்.

எங்கள் பக்கக் கணக்கும் உண்டு. பெருங்குடலின் மறுமுனையில் இருக்கும் குடல்வால் துவாரம் வரை போய்ப் படம் எடுத்தோமா, திரும்பி வரும்போது எவ்வளவு நிதானமாகப் பார்த்தோம்? குறைந்தது 6 நிமிடம் என்றிருந்ததை அமெரிக்க வழிகாட்டுதல் 2024இல் 8 ஆக்கியது. பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய அடினோமா வகைப் பாலிப்பை அதிகம் கண்டுபிடிக்கும் டாக்டரிடம் பார்த்தவர்களுக்குப் பின்னால் புற்றுநோய் வருவது குறைவு என்று அங்கே 2014இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது: டாக்டரின் கண்டுபிடிப்பு விகிதம் 1 சதவீதம் கூடினால் ஆபத்து 3 சதவீதம் குறைகிறது. நம் ஊரில் பாலிப்கள் அவ்வளவு இல்லாததால் அவர்களுடைய கண்டுபிடிப்பு இலக்கை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது, ஆனால் கடிகாரம் எல்லோருக்கும் ஒன்றுதான். லிஸ்ட் நீண்ட நாளில் மாலை நாலு மணி கேஸில் என் கையும் அவசரப்படும், அதனால் நர்ஸை நிமிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் வந்தபோது குடல் கண்ணாடி மாதிரி இருந்தது. வலது பக்கம் ஒரு மடிப்புக்குப் பின்னால் 8 மில்லிமீட்டரில் தட்டையாக ஒன்று, வளையம் போட்டு எடுத்தேன். பயாப்சியில் அடினோமா. பழைய ரிப்போர்ட்டில் அந்தப் பக்கத்துக்கு ஒரு படம்கூட இல்லை.