தேற்றரவாளன்

எங்கள் கடற்கரையில் சாவுச் செய்தியைச் சொல்லி அனுப்புவதைக் ‘கேதம் சொல்லுதல்’ என்பார்கள். அதைக் கேள்விப்பட்டு வந்து வீட்டில் உட்காருவது ‘கேதம் கேட்பது’. கேதம் வடமொழியிலிருந்து வந்த சொல், வருத்தம் என்று பொருள். சரி, கேதம் கேட்க வந்தவர் அங்கே என்னதான் செய்ய வேண்டும்? அதைச் சொல்லும் ஒரு சொல் வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இருக்கிறது: தேற்றரவாளன்.

இயேசு சிலுவையில் பாடுபடுவதற்கு முந்தைய இரவு. தாம் போகப்போவதாக அவர் சொன்னதும் சீடர்கள் கலங்கிப்போகிறார்கள். அப்போதுதான் தந்தை ‘வேறொரு தேற்றரவாளனை’ அனுப்புவார் என்கிறார் (யோவான் 14:16). தூய ஆவியைக் குறிக்கிற சொல் இது.

பிரித்துப் பார்த்தால் தேற்று, அரவு, ஆளன். தோற்றரவு என்பதைப் போலத் தேற்றரவு. அதைச் செய்கிறவர் தேற்றரவாளன். காயம் ஆறுவது, காயத்தை ஆற்றுவது என்று வருவதுபோல, தானே தேறுவது தேறு, பிறரைத் தேறவைப்பது தேற்று. இந்தத் ‘தேறு’ என்பதன் அடியில் இருப்பது தெளிவு. ராமநாதபுரம் சீமையில் ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்த பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கலங்கிய தண்ணீரைக் குடத்தில் எடுத்து வந்து, தேற்றாங்கொட்டையை உள்பக்கம் உரசி வைத்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் மண் அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். சேற்றை யாரும் அள்ளி வெளியே கொட்டுவதில்லை. அது குடத்துக்குள்ளேயேதான் இருக்கும், ஆனால் தண்ணீரைக் குடிக்க முடியும். துக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை.

அதே சொல்லுக்கு நம்புதல் என்ற பொருளும் உண்டு. ‘தேறற்க யாரையும் தேராது’ என்கிறது குறள் (509), ஆராயாமல் யாரையும் நம்பாதே என்று. நோயாளி ‘தேறிவிட்டார்’ என்று நாம் அன்றாடம் சொல்வதும் இதே தேறுதான். தெளிவு, நம்பிக்கை, உடல் மீள்வது, மூன்றும் ஒரே வேரில்.

கிரேக்க மூலத்தில் உள்ள சொல் பராக்கிளீட்டோஸ். ‘பரா’ என்றால் அருகில், அடுத்த பாதி அழைத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. பக்கத்தில் இருக்க அழைக்கப்பட்டவர் என்று பொருள். வழக்கு மன்றத்தில் ஒருவருக்காக எழுந்து நிற்பவரையும் அப்படி அழைத்தார்கள். அதனால்தான் 1 யோவான் 2:1இல் அதே சொல்லைப் பழைய தமிழ் வேதாகமம் ‘பரிந்துபேசுகிறவர்’ என்று பெயர்த்தது. கடலில் பிடிபட்டு இலங்கையின் மன்னார், ஊர்க்காவல்துறை நீதிமன்றங்களில் நிறுத்தப்படும் மீனவரின் வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்தால், இந்த இரண்டு பொருளும் ஒன்றுதான் என்று புரியும். அங்கே அவருக்காகப் பேச ஆள் வேண்டும். இங்கே அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும்.

1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இதற்குத் ‘துணையாளர்’ என்று போட்டது. நல்ல தமிழ், மரியாதைப் பன்மையும் இருக்கிறது, ‘பக்கத்தில்’ என்ற கிரேக்கப் பொருளுக்கும் நெருக்கம். பூசையில் வாசிக்க எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனாலும் தேற்றரவு என்ற சொல்லைப் பழசென்று ஒதுக்கிவிடக் கூடாது. துணையாளர் என்பதில் பக்கத்தில் இருப்பது தெரிகிறது, கலங்கியவர் தெளிவது தெரிவதில்லை. ஆறுதல் சொல்கிற மனிதரைக் குறிக்க ‘தேற்றுநர்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

யோபு புத்தகத்தில் இதே சொல் கசப்பாக வருகிறது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து புண்ணோடு கிடந்த யோபுவைப் பார்க்க மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை சரியாகத்தான் செய்தார்கள். அப்புறம் வாய் திறந்தார்கள். நீ என்ன பாவம் செய்தாயோ என்று காரணம் தேட ஆரம்பித்தார்கள். ‘நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்’, அதாவது தொல்லை தருகிற தேற்றரவாளர், என்று யோபு வெடித்தார் (16:2). ‘ஆண்டவர் சித்தம்’, ‘எல்லாம் நன்மைக்கே’ என்று சாவு வீட்டு வாசலிலேயே சொல்கிறவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். விசுவாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் தெளிய வேண்டிய தண்ணீரை அந்த நேரத்தில் கலக்கிவிடுகிறார்கள். இறந்துபோன நண்பன் லாசரின் கல்லறைக்குப் போன இயேசு, அவனை எழுப்பப்போவது தெரிந்தும் முதலில் அழுதார்.

என் அப்பத்தா 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் இருந்த தன் தமக்கையைப் பறிகொடுத்தவர். ஊரில் எந்தக் கேதத்துக்கும் முதலில் போவார். கையில் செபமாலை இருக்கும். அழுகிறவளின் தலையை மடியில் போட்டுக்கொண்டு முடியைக் கோதிக்கொண்டிருப்பார். வெகுநேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்பார்: “கஞ்சி குடிச்சியாத்தா?”