அடித்த வண்டி தெரியவில்லையா? நடந்து போனவருக்கும் சைக்கிளில் போனவருக்கும் இழப்பீடு உண்டு

தமிழ்நாடு – கேரள எல்லையில் உள்ள புளியரை – ஆரியங்காவு மலைச்சாலையில் இரவில் நடந்தோ சைக்கிளிலோ போகிறவரை ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டால், நம்பர் தெரியாததால் பல குடும்பங்கள் அத்தோடு விட்டுவிடுகின்றன. விட வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 161ஆம் பிரிவின் கீழ், 1.4.2022 முதல் நடப்பில் உள்ள திட்டப்படி இறப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம். சொற்பத் தொகைதான், ஆனால் கோர்ட் ஏற வேண்டாம். எலும்பு முறிந்தாலே சட்டப்படி கொடுங்காயம்தான், பல் உடைந்தாலும் அப்படியே.

எல்லைப் பகுதியில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், மனுவை விபத்து நடந்த இடத்தின் கோட்டாட்சியர் அல்லது தாசில்தாரிடம்தான் கொடுக்க வேண்டும். எல்லையான கோட்டைவாசல் தாண்டி கேரளப் பக்கம் அடிபட்டால் புனலூர் தாலுகா, இந்தப் பக்கம் என்றால் செங்கோட்டை. ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது என்பது இதில் கணக்கே இல்லை. போலீஸ் புகாரை மட்டும் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். 'ஜீரோ எஃப்ஐஆர்' போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள். அதில் கிலோமீட்டர் கல், பக்கத்துக் கடை, வளைவு என்று இடத்தைத் துல்லியமாக எழுதச் சொல்லுங்கள். யாரோ சொன்ன நம்பரை உறுதியில்லாமல் சேர்க்காதீர்கள். வண்டி அடையாளம் தெரியாதது என்பதுதான் இந்தத் திட்டத்துக்கே அடிப்படை. நம்பர் ஏறிவிட்டால் அதை விசாரித்து முடிக்கும்வரை மனு நகராது.

படிவம் 1, உறுதிமொழிக்கான படிவம் 4, எஃப்ஐஆர் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை அல்லது காயச் சான்று, அடிபட்டவர், மனுதாரர் இருவரின் அடையாள, முகவரிச் சான்றுகள், பாஸ்புக் நகல் வேண்டும். பெயர் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். மலையாளத்தில் எழுதிய பெயர் ஆதாரோடு ஒத்துப்போகாமல் மனு நின்றுவிடக்கூடும்.

மனுவை விசாரிக்கும் அதிகாரிக்கு (கோட்டாட்சியர் அல்லது தாசில்தார்) 1 மாதம், கலெக்டர் உத்தரவுக்கு 15 நாள், பிறகு பொதுக் காப்பீட்டு மன்றம் (காப்பீட்டு நிறுவனங்களின் அமைப்பு) பணம் போட 15 நாள். ஒரு மாதத்தில் வண்டி பிடிபடாவிட்டால், இந்த இழப்பீட்டைக் கேட்கலாம் என்று போலீஸே குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இது 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. கடிதம் வராவிட்டால் ஸ்டேஷனில் கேட்டு வாங்குங்கள்.

வண்டி பிடிபட்டால் வழி வேறு: விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அங்கே தொகை பெரிது. கேரளாவில் அடிபட்டிருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே வழக்குப் போடலாம். சட்டம் தரும் கெடு விபத்திலிருந்து 6 மாதம். ஏற்கெனவே வாங்கிய 161 தொகை அதில் கழிக்கப்படும்.