"எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே!"

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒன்றே முக்கால் வயதுப் பெண் குழந்தையைக் காது பரிசோதனைக்கு அழைத்து வந்திருந்தார்கள். தாய், தந்தை, கூடவே தந்தையைப் பெற்ற பாட்டி. குழந்தைக்கு நன்றாகக் கேட்கிறது என்று நிரூபிக்க, பாட்டி டிபன் பாக்ஸ் மூடியால் என் மேஜையில் ஓங்கித் தட்டினார். குழந்தை திரும்பியது. அதன் உள்ளங்கை மேஜையில் பதிந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துவிட்டு மறுபடி தட்டச் சொன்னேன். திரும்பவில்லை.

தூங்கவைத்து, ஒலி கேட்கும்போது செவி நரம்பிலும் மூளையிலும் எழும் மின் அலைகளைப் பதிவுசெய்யும் பெரா பரிசோதனை செய்தோம். 90 டெசிபல் ஒலிக்கும் இரு காதிலும் அலை எழவில்லை.

"எங்கள் வம்சத்தில் யாருக்கும் இப்படி இல்லையே, டாக்டர்!" என்றார் பாட்டி. (நான் ஆடியாலஜிஸ்ட், அதாவது கேட்கும் திறனைச் சோதிப்பவள்; டாக்டர் அல்ல. திருத்துவதை விட்டுப் பல காலமாகிறது.) மருமகள் கிரகணத்தன்று வெளியே வந்ததுதான் காரணம் என்று தீர்ப்பும் சொன்னார். அந்த மருமகள் அவருடைய மூத்த மகள் வயிற்றுப் பேத்திதான். தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

மரபணு ஆய்வில் விடை கிடைத்தது: ஜிஜேபி2. உள்காதில் பொட்டாசியம் செல்லுக்குச் செல் கடந்துபோக வழிவிடும் புரதத்தைச் செய்யும் மரபணு இது. காது கேளாமைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 1997இல் தெரியவந்தது. அந்தப் புரதம் 226 அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சரம். இவளிடம் அது 24ஆவது மணி வர வேண்டிய இடத்தில் அறுந்துவிடுகிறது. இந்தியாவில் இந்த மரபணுவில் அதிகம் காணப்படும் பிழை இதுவே. ஒவ்வொருவரிடமும் இம்மரபணு இரண்டு பிரதி உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். காது நன்றாகவே கேட்கும். பாட்டியிடமோ தாத்தாவிடமோ இருந்த ஒரு பழுதுப் பிரதி மகனுக்கும் போனது, மகள் வழியாகப் பேத்திக்கும் போனது. கொள்ளுப்பேத்தியிடம் இரண்டும் சேர்ந்துவிட்டன. வம்சத்தில் இல்லாமல் இல்லை, வெளியே தெரியாமல் இருந்தது.

தாய்மாமனும் அக்கா மகளும் மரபணுக்களில் கால் பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள்; அத்தை மகனும் மாமன் மகளும் அரைக்கால் பங்கு. சொந்தத்தில் மணந்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. அந்நியத்தில் மணந்தால் வரவே வராது என்பதும் இல்லை. பெற்றோர் இருவரும் ஒரே பழுதைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீத வாய்ப்பு. "ஒன்றுக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கு வராது" என்று இதற்குக் கணக்குப் போடுகிறவர்களை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகத்தான் குலுக்கப்படுகிறது.

அடுத்த குழந்தை பிறந்தால் ஒரு மாதத்துக்குள் ஓஏஇ என்ற கேட்கும் திறன் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொன்னேன். காதில் சிறு முனையை வைத்துச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இவளுக்கு முதலில் காது கேட்கும் கருவி, போதாவிட்டால் உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு வழி உண்டு. வயது ஏற ஏறப் பேச்சு வருவது கடினம்.

எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கிரகணம் இல்லை என்பதை மட்டும் பாட்டியிடம் இன்னொரு தடவை சொல்லுங்கள், மேடம்."