கூடுதல் போக்கி இயந்திரங்கள் வேண்டாமென்றால் எழுதிச் சொல்லுங்கள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நிதி ஆலோசகராக இருக்கிறேன். வங்கிக் கணக்கு அறிக்கைகளைப் படிப்பதே அன்றாட வேலை. மதுவிடுதிகளிலும் கிளப்புகளிலும் இருக்கும் சூதாட்ட இயந்திரம்தான் போக்கி. அந்தப் பழக்கம் புகுந்த வீட்டின் அறிக்கை பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஒரே விடுதி, ஒரே மாலை: 200 டாலர், 200 டாலர், 100 டாலர். அங்கெல்லாம் ஏடிஎம் 2012-லேயே தடை செய்யப்பட்டது. கவுண்டரில் கார்டு கொடுத்து ஒரு தடவைக்கு 200, நாளொன்றுக்கு 500 வரைதான் எடுக்கலாம். அந்த வரம்பு முடிந்த கையோடு மனைவியின் கார்டில் அடுத்த 200 தொடங்கியிருக்கும்.

“இருப்பதோடு இன்னும் இருபது சேர்ந்தால் என்ன கெட்டுவிடும்?” என்று கேட்கிறார்கள். சம்பளம் வந்த மாலையில் ஓர் இயந்திரமும் காலியாக இல்லாவிட்டால் சிலராவது வீடு திரும்புவார்கள். கூடுதல் இயந்திரங்கள் முதலில் அகற்றுவது அந்தச் சிறு தடையைத்தான்.

போட்டதில் 87 சதவீதம் திரும்ப வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்பார்கள். அது சராசரி, வந்ததை மறுபடி போடாதவருக்குப் பொருந்தும் கணக்கு. 100 டாலரை முழுக்க ஆடினால் 87, அதையும் ஆடினால் 76-க்கும் கீழே, ஐந்தாம் முறை பாதிதான் மிஞ்சும். ஒரு டாலர் போட்டு 30 சென்ட் வந்தாலும் இயந்திரம் விளக்கெரித்து, இசை முழக்கி, வென்றதாகவே காட்டும்.

எதிர்த்து என்ன பயன் என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடுவதுதான் எனக்கு ஆற்றாமை. ரோம்சி என்ற சிற்றூரில் ஒரு ஹோட்டலுக்கு 30 இயந்திரங்கள் கேட்டபோது ஊரில் பெரும்பாலோர் வேண்டாம் என்றனர். அந்த எதிர்ப்பையே சமூகப் பாதிப்பாகக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009-ல், மறு விசாரணைக்குப் பின், அனுமதி மறுக்கப்பட்டது.

சமூக நலனுக்கு மொத்தத்தில் தீங்கில்லை என்று சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் அனுமதி. உள்ளூர் கவுன்சில் கருத்துரை தர 60 நாட்கள் உண்டு. எனவே விண்ணப்பம் காதில் விழுந்த வாரமே கவுன்சிலருக்கு எழுதுங்கள். சூதாட்டம் தவறு என்ற பொதுப்பேச்சு அங்கே எடுபடாது. அந்த விடுதிக்கு நீங்கள் குடும்பத்தோடு போவதை நிறுத்திவிடுவீர்களா, அக்கம்பக்கத்தில் வாடகை தவறியவர்களை அறிவீர்களா, அதை எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம்.

சிக்கியவர் உங்கள் வீட்டிலேயே இருந்தால் சூதாட்ட உதவி எண்ணான 1800 858 858-ஐ அழையுங்கள். கட்டணமில்லை. தமிழில் பேச 131 450 வழியாக உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ஆடியவரே அழைக்க வேண்டும் என்றில்லை. மனைவியோ மகனோ அழைக்கலாம்.