அடைக்கோழிக்குக் காய்ச்சல் இல்லை

அடை கிடக்கும் கோழியைத் தண்ணீரில் முக்காதீர்கள் என்று கால்நடை வைத்தியரான நான் சொல்லாத கிராமம், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அநேகமாக இல்லை. ஆயினும் கடந்த வாரமும் ஒரு பேட்டுக்கோழி, உரப்பைக்குள் சுற்றப்பட்டு, ஈரம் காயாத இறகுகளோடு, வாயைத் திறந்து மூச்சிழுத்தபடி என் மேசைக்கு வந்தது. மார்கழி மழையில், கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய வாளிக்குள் கழுத்துவரை நாள்தோறும் அமிழ்த்தி எடுக்கப்பட்ட கோழி அது. மூக்குத் துவாரம் ஒன்றில் இறகு நுழைத்த காயமும், அந்தக் காயத்தில் சீழும் இருந்தன. கொண்டுவந்த அம்மா கொடுமைக்காரர் அல்லர். தன் பேரப்பிள்ளைகளுக்கு முட்டை கொடுப்பதற்காகவே கோழி வளர்ப்பவர். "சூடு இறங்கட்டும் எண்டுதானே டொக்டர் முக்கினது" என்றார். அன்று பின்னேரமே கோழி இறந்துவிட்டது.

கோழியின் உடலில் சூடு ஏறிவிட்டது, அதனால்தான் அது அடை கிடக்கிறது, ஆகவே சூட்டை இறக்கினால் எழுந்துவிடும் என்ற இந்த நம்பிக்கையைத்தான் நான் முதலில் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. நமது உடல் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். நல்ல ஆரோக்கியமான கோழியின் வெப்பநிலையோ 41 பாகையை அண்மித்தது. ஆகவே எந்தக் கோழியை, எந்த நாளில் தொட்டுப் பார்த்தாலும் நமது கைக்கு அது சூடாகவே தெரியும். அடைக்கு வந்த கோழியில் இதற்கு மேலும் ஒரு மாற்றம் நிகழ்கிறது: அடிவயிற்று இறகுகள் உதிர்ந்து தோல் வெறுமையாகி, அந்தத் தோலுக்கு வரும் இரத்த ஓட்டம் அதிகரிக்கிறது. முட்டைக்கு நேரடியாக வெப்பம் கொடுப்பதற்காக உடல் தானே செய்துகொள்ளும் ஏற்பாடு இது. இறகு மூடிய இடத்தைத் தொட்டுப் பழகிய கை, இறகில்லாத இடத்தைத் தொடும்போது நெருப்பாகக் கொதிக்கிறது என்று நினைக்கிறது. அது காய்ச்சல் அன்று. அந்த வெப்பம் இல்லாவிட்டால் எந்த முட்டையும் பொரிக்காது. இதை அறியாமல் பனடோலை இடித்துக் கரைத்துப் பருக்குகிறார்கள். வீட்டில் பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தையும் கொடுக்கிறார்கள். காய்ச்சலே இல்லாத உயிருக்கு இவையெல்லாம் எதற்கு?

"நான் முக்கினேன், எழும்பிவிட்டதே" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. விசாரித்துப் பார்த்தால், தண்ணீரில் முக்கிய கையோடு கூட்டின் கதவைச் சாத்தியிருப்பார்கள், அல்லது முட்டைகளை எடுத்துவிட்டு கோழி அடை கிடந்த ஓலைக் கடகத்தைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கோழியை எழுப்பியது அந்தக் கடகம் இல்லாமற் போனதுதான், தண்ணீர் அன்று. கூடு இருந்த இடத்தில் அப்படியே இருக்குமானால், நனைந்த கோழி இறகைக் கோதி உலர்த்திக்கொண்டு மறுபடியும் அங்கேயே போய்க் குந்தும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் நனைந்த கோழி எப்படியோ தப்பிவிடுகிறது. வாடைக்காற்றும் மழையும் சேர்ந்த நாட்களில், அடை கிடந்து சரியாக உண்ணாமல் எடை குறைந்திருக்கும் கோழி அதைத் தாங்குவதில்லை.

மற்றக் கைவைத்தியங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மூக்கில் இறகு நுழைப்பதால் உட்தோல் கிழிந்து, தொற்று ஏற்பட்டு, முகம் வீங்குகிறது. காலைக் கட்டிப்போட்ட கோழி கீரிக்கும் நாய்க்கும் இரையாகிறது. பட்டினி போட்டால், மீண்டும் முட்டையிடுவதற்குத் தேவையான உடல் வலுவும் போய்விடுகிறது. எல்லாவற்றிலும் வேடிக்கையானது, அடையை மறக்கட்டும் என்று கோழியைக் கூடையால் கவிழ்த்து மூடி வைப்பது. இருட்டும் ஒதுக்குப்புறமும்தான் அடை கிடப்பதற்குக் கோழி தேடும் இடம். அதை நாமே செய்து கொடுத்துவிட்டு, ஒரு கிழமை கழித்தும் எழும்பவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம்.

ஊர்க்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு வருவது அதன் இயல்பு. கூட்டில் முட்டைகள் சேர்வதும், அவை வயிற்றில் படுவதும், மங்கலான வெளிச்சமும் புரோலக்ரின் என்னும் ஓமோனை உயர்த்துகின்றன. அது உயர்ந்ததும் முட்டையிடுதல் நின்றுவிடுகிறது. முட்டையை அன்றன்றே எடுத்துவிட்டால் பல கோழிகள் அடைக்கு வருவது தள்ளிப்போகும். வாழ்வாதார உதவியாக வழங்கப்படும் கலப்பினக் கோழிகள் அடைக்கு வருவதில்லை என்று முறையிடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அவை தொடர்ந்து முட்டையிட வேண்டும் என்பதற்காக அந்தக் குணத்தைப் பல தலைமுறைகளாகக் கழித்தே இனவிருத்தி செய்யப்பட்டவை. அவற்றிடம் குஞ்சு பொரிக்கும் வேலையை எதிர்பார்க்க வேண்டாம்.

உண்மையில் என்னைக் கவலைக்குள்ளாக்குவது இதற்கு எதிர்ப்புறமான தவறு. நோயுற்ற கோழி மூலையில் குந்தியிருப்பதைப் பார்த்து, அடை கிடக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். அடைக்கோழியை நெருங்கினால் அது இறகைச் சிலிர்த்து, உறுமி, கையைக் கொத்த வரும். கண் தெளிவாக இருக்கும். நாளுக்கு ஒரு முறை இறங்கித் தீனி தின்று, பெரிய கட்டியாக, கடுமையாக நாறும் எச்சம் போட்டுவிட்டுத் திரும்பும். நோயுற்ற கோழி உங்களோடு சண்டை பிடிக்காது. கண்ணை மூடித் தூங்கி வழிவது, பச்சை நிறக் கழிச்சல், மூச்சிரைப்பு, கழுத்து முறுக்குதல் ஆகியவற்றைக் கண்டால் அது ராணிக்கெட் எனப்படும் நியூகாசில் நோயாக இருக்கலாம். அன்றைக்கே அறிவிக்க வேண்டும். வாலைத் தாழ்த்தி, நிமிர்ந்து நின்று முட்டையிடத் திணறிக்கொண்டிருக்கும் கோழிக்கு முட்டை அடைபட்டிருக்கக்கூடும். அதுவும் காத்திருக்கும் விடயம் அன்று.

அடைதான் என்று உறுதியானால், அன்றைக்கே ஒரு முடிவுக்கு வாருங்கள்: உங்களுக்கு வேண்டியது முட்டையா, குஞ்சா? இரண்டுக்கும் நடுவில், வெறுங்கூட்டிலோ கூழ்முட்டையின் மேலோ கோழியை வாரக்கணக்கில் கிடக்க விடுவதுதான் பெரும் நட்டம். கோழி மெலிகிறது, பேன் பெருகுகிறது, மற்றக் கோழிகள் முட்டையிட வரும் இடத்தையும் அது பிடித்துக்கொள்கிறது.

முட்டைதான் வேண்டுமென்றால், அடிப்பக்கம் கம்பிவலையாகவோ இடைவெளி விட்ட சலாகைகளாகவோ உள்ள ஒரு கூட்டை, நான்கு சீமெந்துக் கற்களின் மேல் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி வையுங்கள். அடியிலும் துளைகள் உள்ள பிளாஸ்ரிக் மீன்பெட்டி இரண்டை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்துக் கட்டினாலும் போதும். மீன்பிடி ஊர்களான கல்லாறிலோ வாழைச்சேனையிலோ அதற்கு யாரும் அலைய வேண்டியதில்லை. உள்ளே வைக்கோலோ சாக்கோ எதுவும் போடக் கூடாது. கீழிருந்து காற்றுப் பட வேண்டும், பகல் முழுதும் வெளிச்சம் இருக்க வேண்டும், நேர் வெயிலும் மழையும் படக் கூடாது, தீனியும் தண்ணீரும் எந்நேரமும் இருக்க வேண்டும். இரவில் மரநாய் எட்டாத இடத்துக்குக் கூட்டோடு தூக்கி வையுங்கள். அடைக்கு வந்த முதல் ஓரிரு நாட்களிலேயே இதைச் செய்தால் 3 முதல் 5 நாட்களில் பெரும்பாலான கோழிகள் அடையை விட்டுவிடும். இரண்டு கிழமை கிடந்த கோழிக்கு இன்னும் சில நாட்கள் எடுக்கும். திறந்து விட்டுப் பாருங்கள். மேயப் போனால் முடிந்தது. பழைய கடகத்தைத் தேடிப் போனால் மறுபடியும் இரண்டு நாள் உள்ளே விடுங்கள். பிறகு அது முட்டையிடத் தொடங்க இரண்டு, மூன்று கிழமைகள் ஆகலாம். அதற்குள் "முட்டை இல்லை" என்று கோழியை அறுத்துவிடாதீர்கள்.

குஞ்சுதான் வேண்டுமென்றால் காலத்தைப் பாருங்கள். பெரும்போக அறுவடை முடிந்து, வயல்வெளியான வட்டையில் நெல் சிந்திக் கிடக்கும் மாசி, பங்குனி மாதங்கள் நமது மாவட்டத்துக்கு மிகவும் வாய்ப்பானவை. கார்த்திகையில் அடை வைத்தால், வெள்ளம் நிற்கும் வளவில் குளிரில் விறைத்த குஞ்சுகளைத்தான் பொறுக்க வேண்டியிருக்கும். ஒரு கோழிக்கு 10 அல்லது 12 முட்டை போதும். அதன் உடல் மூடாத முட்டை பொரிக்காது. எல்லா முட்டைகளையும் ஒரே நாளில் வைத்து, கரியால் அடையாளமிடுங்கள். பிறகு வேறு கோழி வந்து இட்டால் அதைப் பிரித்தெடுக்கலாம். கடையில் வாங்கிய பண்ணை முட்டையை வைத்துவிட்டு 21 நாட்கள் காத்திருந்த குடும்பங்களை நான் அறிவேன். அந்தப் பண்ணைகளில் சேவலே இருப்பதில்லை.

முட்டை கூழாகிப் போனால் நமது பக்கத்தில் பழி இடிமுழக்கத்தின் மேல்தான் விழும். அதற்காகக் கடகத்தில் இரும்புத்துண்டும் கரியும் வைப்பார்கள். வையுங்கள், அதனால் ஒரு தீங்கும் இல்லை. ஆனால் அந்த முட்டைகள் அடுப்படித் தட்டில் எத்தனை நாட்கள் கிடந்தன என்பதை யாரும் கேட்பதில்லை. 20, 21 பாகை வெப்பத்தைத் தாண்டினாலே கருவில் வளர்ச்சி தொடங்கிவிடும். நமது வீடுகளில் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுகிறது. அரைகுறையாக வளரத் தொடங்கிய கரு, இரவில் குளிர்ந்து, பகலில் சூடாகி, கடைசியில் இறந்துவிடுகிறது. ஈர மணலில் புதைத்த மண்சட்டிக்குள், கூர்முனை கீழே இருக்கும்படி முட்டையை வைத்து, ஒரு கிழமைக்குள் அடைக்கு வைத்துவிடுங்கள். முட்டையைக் கழுவாதீர்கள், கழுவினால் ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் போய், கிருமி உள்ளே புகும். 7ஆம் நாள் இரவில், கைத்தொலைபேசி வெளிச்சத்தை முட்டையின் அகன்ற பக்கத்தில் பிடித்துப் பார்த்தால், உயிருள்ள கருவில் சிலந்தி வலை போல இரத்த நாளங்கள் தெரியும். ஒன்றும் தெரியாத முட்டையை எடுத்துவிடலாம்.

அடை வைக்கும் முன் கோழியின் இறகைப் பிரித்துப் பேனும் செள்ளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். செள் ஏறிய கூட்டைக் கோழி இடைநடுவில் விட்டு எழுந்துவிடும். கோழி புழுதி குளிப்பதற்குச் சாம்பலும் உலர்ந்த மணலும் கலந்து வைத்தாலே பாதித் தொல்லை தீரும். மீதிக்கு எங்களிடம் மருந்து இருக்கிறது. வயலுக்கு வாங்கிய பூச்சிகொல்லியில் மிஞ்சியதைக் கோழிக்குப் பூசுவதை மட்டும், தயவுசெய்து, கைவிடுங்கள். அந்த நஞ்சு கோழியின் தோல் வழியாகவும் அலகு வழியாகவும் உள்ளே போகிறது, பொரித்து வரும் குஞ்சைக் கொல்கிறது, அதே கையால் சோறு உண்ணும் உங்களையும் விடுவதில்லை.

21ஆம் நாள் நெருங்கும்போது கடகத்துக்குள் கையை விடாதீர்கள். ஓட்டை உடைத்துக் குஞ்சுக்கு "உதவி" செய்யவும் வேண்டாம். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சட்கரு பொரித்த குஞ்சுக்கு இரண்டு நாட்களுக்குப் போதுமானது. அதன்பின் ஆழமற்ற தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர், குருணல், கிடைத்தால் குஞ்சுத்தீனி, கறையான். முதல் மூன்று கிழமைகளுக்குத் தாயையும் குஞ்சுகளையும் வலையிட்ட கூட்டுக்குள் வைத்திருந்தால் காகத்துக்கும் கீரிக்கும் பருந்துக்கும் பலியாகும் குஞ்சுகளில் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம்.

நியூகாசில் நோய்க்கு மருந்து கிடையாது. தடுப்பூசி மட்டுமே உண்டு. கரைத்த தடுப்பூசி மருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் பயன்படாவிட்டால் வீணாகிவிடும், ஒரு குப்பியோ பல கோழிகளுக்கு உரியது. ஆகவே அயல்வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் வாருங்கள், அல்லது கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குச் சொல்லி எங்களை உங்கள் ஊருக்கு அழையுங்கள். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு கிழமை தனியாக வைத்திருந்து பிறகு மற்றவற்றோடு சேருங்கள். செத்த கோழியை வாவிக்குள்ளோ வாய்க்காலிலோ எறியாமல் சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். சாகப்போகிறது என்று அவசரமாக அறுத்து, இறகையும் குடலையும் வேலியோரம் வீசுவதும் அடுத்த வளவுக்கு நோயை அனுப்புவதுதான்.

சந்தேகம் இருந்தால் கோழியைக் கொண்டுவாருங்கள். உரப்பைக்குள் கட்டி, மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டு, வெயிலில் பத்துக் கட்டை தூரம் கொண்டுவரப்படும் கோழி, என்ன நோயால் வந்தது என்று நான் பார்க்கும் முன்பே மூச்சடைத்து இறந்துவிடுகிறது. காற்றோட்டமுள்ள கூடையிலோ துளையிட்ட அட்டைப்பெட்டியிலோ காலை வேளையிலேயே கொண்டுவாருங்கள், அது கடைசியாகப் போட்ட எச்சத்தில் சிறிதளவைத் தாளில் மடித்து எடுத்து வந்தால் இன்னும் நல்லது.