பில்லியர்ட்ஸில் ‘கேனன்’ என்றால் பீரங்கி இல்லை

பில்லியர்ட்ஸின் பழைய நாள்களைப் பற்றித் தமிழில் ஏதாவது கண்ணில் பட்டால் ஆசையாகத்தான் படிக்க உட்காருகிறேன். நாலு வரி தாண்டுவதற்குள் பீரங்கி வந்துவிடுகிறது. இன்னார் ஒரே ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான பீரங்கிகளை அடித்தார், இன்னாருக்குப் பீரங்கி அடி கைவந்த கலை. ‘நர்சரி கேனன்’ என்று மூலத்தில் இருந்துவிட்டால் இன்னும் மோசம், ‘நாற்றங்கால் பீரங்கி’ என்றும் ‘மழலையர் பள்ளி பீரங்கி’ என்றும் வருகிறது. ஒருவர் எழுத, அடுத்தவர் அதையே எடுத்துப் போட, இப்போது அதுதான் சரியான தமிழ்ச் சொல் என்று வாதாடவும் ஆள் வந்துவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷ் பில்லியர்ட்ஸ் மேசையில் மூன்றே பந்துகள்தான். ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள். அந்த மஞ்சளும் முன்பு வெள்ளையாகவே இருந்தது, அடையாளத்துக்கு ஒரு கரும்புள்ளி வைத்திருப்பார்கள். ஆடுபவர் தன் பந்தைக் கோலால் அடிக்க, அது ஒரே அடியில் மற்ற இரண்டு பந்துகளையும் தொட்டுவிட்டால் அதுதான் கேனன். இரண்டு புள்ளி. எதை முதலில் தொட்டது என்பது முக்கியமில்லை, இரண்டையும் தொட்டதா என்பதுதான் கணக்கு. பந்தைக் குழியில் போடுவதும், தன் பந்தே இன்னொன்றில் பட்டுத் திரும்பிக் குழியில் விழும் இன்-ஆஃபும் புள்ளி எடுப்பதற்கான வேறு வழிகள்.

இந்தக் கேனனுக்கும் போர்க்களத்துப் பீரங்கிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பீரங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இத்தாலிய மொழியில் ‘பெரிய குழாய்’ என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. பில்லியர்ட்ஸ் கேனனோ ‘கேரம்’ என்ற சொல் வாயில் தேய்ந்து திரிந்த வடிவம். கேரம் என்பது பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகளில் வழங்கிய ‘கரம்போல்’, ‘கரம்போலா’ என்பதன் குறுக்கம். மேசையில் இருந்த சிவப்புப் பந்துக்கு அப்படிப் பெயர். நட்சத்திரப் பழத்துக்கும் கரம்போலா என்றுதான் பெயர், ஆனால் பந்துக்கும் பழத்துக்கும் உறவு உண்டா என்ற சண்டை தனியாக நடக்கட்டும். உச்சரிப்பு ஒத்துப்போனதால் ஆங்கிலேயர் வாயில் கேரம் கேனன் ஆயிற்று. அமெரிக்கர்கள் இன்னும் பழைய வடிவத்தையே வைத்திருக்கிறார்கள். குழியே இல்லாத மேசையில் ஆடும் ஆட்டங்களுக்கு அங்கே கேரம் பில்லியர்ட்ஸ் என்றே பெயர். 1906இல் பாரிஸில் மோரிஸ் விக்னோவைத் தோற்கடித்து, 18 வயதிலேயே உலகப் பட்டம் வென்ற வில்லி ஹாப்பி ஆடியது அதைத்தான்.

அதாவது இந்தச் சொல் நமக்கு ஏற்கெனவே தெரியும். பவுடர் தூவி, ஸ்ட்ரைக்கரைச் சுண்டி, ரெட்டைப் போட்டு ஃபாலோ எடுக்கிறோமே, அந்தக் கேரம் போர்டின் பெயரும் இதே சொல்தான். வீட்டுக்கு வீடு கேரம் போர்டு இருக்கிற ஊரில் அதன் உடன்பிறப்பைப் பீரங்கி ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

‘சொல்பிறப்பு எப்படியோ போகட்டும், தமிழில் கேட்க நன்றாக இருக்கிறது, வேகமும் இருக்கிறது, பீரங்கியே இருந்துவிட்டுப் போகட்டும்’ என்கிறார்கள். இதில் எனக்கு இரண்டு மறுப்பு உண்டு. ஒன்று, தூய தமிழ் வேண்டும் என்று சொல்கிறவர்களே இந்தப் பீரங்கியை முன்வைக்கிறார்கள். பீரங்கி எங்கிருந்து தமிழானது? ஐரோப்பியரைக் குறிக்க நாம் சொன்ன பறங்கி எந்த வேரிலிருந்து வந்ததோ, இதுவும் அதே வேர்தான். பறங்கியர் கொண்டுவந்த ஆயுதத்துக்கு அவர்கள் பெயரே நின்றுவிட்டது. அந்தச் சொல் நமக்குப் பழகிப்போய் நம் சொல்லாகவே ஆகிவிட்டது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கேனன் அந்நியம் என்று தள்ளிவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு கடன் சொல்லைத் தூய்மையின் பெயரால் கொண்டுவந்து வைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

இரண்டாவது மறுப்புதான் எனக்கு முக்கியம். இந்த ஆட்டத்தில் இருப்பதிலேயே மிக மென்மையான அடிக்குப் போய் இந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள். நர்சரி கேனன் என்பது என்னவென்று பக்கத்தில் நின்று பார்த்தவர் யாரும் இப்படி எழுத மாட்டார்கள். மேசையின் விளிம்பு ரப்பரை ஒட்டிச் சிவப்பும் எதிராளியின் பந்தும் விரல் இடைவெளியில் நிற்கும். ஆடுபவரின் பந்து அவற்றுக்குப் பின்னால் அதே அளவு நெருக்கத்தில். கோலின் நுனி பந்தில் பட்டதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு ஒரு தொடல். அவர் பந்து முதல் பந்தை உரசி, அடுத்ததைத் தொட்டு நிற்கும். மூன்று பந்துகளும் ஓர் அங்குலம் கூட நகர்ந்திருக்காது, ஆனால் மூன்றும் முன்பு எப்படி நின்றனவோ அதே அமைப்பில் கொஞ்சம் தள்ளி நிற்கும். உடனே அடுத்த தொடல். இப்படியே விளிம்போரமாக மூன்றையும் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். நடுக் குழியின் வாய் குறுக்கே வரும்போது அமைப்பு குலையாமல் அதைத் தாண்ட வேண்டும், மூலைக் குழியை நெருங்கினால் பந்துகளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே திரும்ப வேண்டும். பழைய செய்திப்படத் துணுக்குகளில் வால்டர் லிண்ட்ரம் இதை ஆடுவதைப் பார்க்கலாம். அடிக்கு அடி இடைவெளியே இருக்காது. உட்கார்ந்து யோசிக்கிற நேரமும் கிடையாது, நடந்துகொண்டே ஆடுவதுபோல் இருக்கும். எங்கேயும் ஒரு ‘டமார்’ இல்லை.

ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில் 1898இல் பிறந்த இந்த லிண்ட்ரம்தான் 1932 ஜனவரி 19, 20 தேதிகளில் லண்டன் தர்ஸ்டன் அரங்கில் ஜோ டேவிஸை எதிராளியாக உட்கார வைத்துவிட்டு ஒரே பிரேக்கில், அதாவது தவறவிடாமல் தொடர்ந்து ஆடிய ஒரே ஆட்டத்தொடரில், 4137 புள்ளி எடுத்தார். மூன்று மணி நேரம் கூட ஆகவில்லை. எதிரே இருந்த டேவிஸ் சாதாரண ஆள் இல்லை, 1928 முதல் 1932 வரை அவர்தான் உலகச் சாம்பியன். அவர்கள் இருவரோடு டாம் நியூமன், நியூஸிலாந்தின் கிளார்க் மெக்கானகி, வில்லி ஸ்மித். ஒரே காலத்தில் இப்படி ஐந்து பேர். இவர்களில் ஸ்மித்துக்கு மட்டும் நர்சரி கேனன் பிடிக்காது. மேசை முழுவதையும் பயன்படுத்தி ஆட வேண்டும் என்பது அவர் கட்சி, அப்படி ஆடியே 1928இல் நியூமனுக்கு எதிராக 2743 எடுத்தார். அந்த இரண்டு கட்சிகளுக்கும் நடந்த போட்டிதான் அந்தக் காலத்தின் அழகே. இதைப் பீரங்கி என்று மொழிபெயர்த்துப் படிக்கிறவருக்கு, ஸ்மித்தான் மென்மையாக ஆடியவர், லிண்ட்ரம்தான் ஓங்கி அடித்தவர் என்று தோன்றும். வரலாறே தலைகீழாகிவிடுகிறது. ஒரு சொல் தப்பாய்ப் போனால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில்.

அந்தக் காலம் முடிந்ததற்கும் கேனனே காரணம். லிண்ட்ரம் ஆடத் தொடங்கினால் எதிராளி நாற்காலியை விட்டு எழ வேண்டிய தேவையே இருக்காது. பார்க்கிறவர்களுக்கும், எவ்வளவு நேரம்தான் விளிம்போரத்தில் மூன்று பந்து நகர்வதைப் பார்ப்பது என்று ஆகிவிட்டது. குறிப்பிட்ட புள்ளிகளுக்கு ஒரு முறை ஆடுபந்து, மேசையின் ஒரு முனையருகே குறுக்கே போட்டிருக்கும் பாக் கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும் என்று விதியை மாற்றிப் பார்த்தார்கள். அதற்குள் டேவிஸ் 1927இலேயே தொடங்கி வைத்திருந்த உலக ஸ்னூக்கர் போட்டி கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 1934இல் லிண்ட்ரம் மெல்போர்னில் வென்ற பிறகு தொழில்முறை பில்லியர்ட்ஸ் உலகப் பட்டத்துக்கு அடுத்த போட்டி 1951இல்தான் நடந்தது. அதற்கும் அடுத்தது 1968இல். தர்ஸ்டன் அரங்கு 1940இல் குண்டு விழுந்து போனது. மறுபடி கட்டித் திறந்த லெஸ்டர் சதுக்க அரங்கும் 1955இல் மூடப்பட்டது. கல்கத்தாவில் 1958இல் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பட்டத்தை வென்று இந்தியாவின் முதல் உலகச் சாம்பியன் ஆனார், மைக்கேல் ஃபெரேரா மூன்று முறை அதே பட்டத்தை வென்றார், 1992இல் கீத் சேத்தி ஒரே பிரேக்கில் 1276 எடுத்தார். ஆட்டம் சாகவில்லை, நம் நாட்டில் நன்றாகவே வாழ்ந்தது. ஆனால் லண்டனில் பில்லியர்ட்ஸுக்காக மட்டுமே அரங்கு நிறைந்த அந்தக் காலம் திரும்பவில்லை. எனக்கு அதன்மேல் ஏக்கம் உண்டு. நான் பார்க்காத காலம்தான், இருந்தாலும் உண்டு. அதனால்தான் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அதன் நடுநாயகமான சொல்லைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன்.

சரி, அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? கேரம் என்றே சொல்லிவிடலாம் என்பார்கள். வரலாற்றுக்குப் பொருத்தம்தான், ஆனால் நம் வாசகருக்குக் கேரம் என்றதும் பலகையும் காயும்தான் நினைவுக்கு வரும், வீண் குழப்பம். ‘இணைமோதல்’, ‘இரட்டை மோதல்’ என்றும் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். பீரங்கிக்கு இவை எவ்வளவோ மேல், இரண்டு என்ற கணக்காவது உள்ளே இருக்கிறது. ஆனாலும் மோதல் என்றால் லாரியும் பஸ்ஸும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. மேலே சொன்ன அந்த உரசலை மோதல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதியும் மோதச் சொல்லவில்லை, தொட்டால் போதும் என்கிறது. ஆகவே ‘இருதொடல்’. இரண்டையும் தொடுவது, அவ்வளவுதான். எழுதவும் சுலபம், ‘ஐம்பது இருதொடல் எடுத்தார்’ என்று வாக்கியத்திலும் உட்காருகிறது. நர்சரி கேனனுக்கு ‘ஓரத்தொடல்’ என்பது என் பரிந்துரை. அங்கே நர்சரி என்பது நாற்றும் இல்லை, பள்ளியும் இல்லை. பந்துகளைச் சிதற விடாமல் கூடவே வைத்துப் பேணுவதைச் சொல்கிறது. ‘பேணுதொடல்’ என்று போட்டால் அகராதியில் அழகாக இருக்கும், வாயில் வராது. விளிம்போரமாக நடப்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயம், அதனால் ஓரத்தொடல் சொன்னவுடன் புரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. 1907இல் டாம் ரீஸ் மூலைக் குழியின் வாயில் இரண்டு பந்துகளையும் அசையாமல் நிறுத்திவைத்து, வாரக்கணக்கில் இருதொடல் மட்டுமே எடுத்து 499135 புள்ளி சேர்த்தார். அது சாதனையாக ஏற்கப்படவில்லை, அந்த அடியும் தடை செய்யப்பட்டது. அதற்குத் தொட்டில் என்றும் நங்கூரம் என்றும் பெயர். இங்கே மட்டும் நேர் மொழிபெயர்ப்பு சரி. குழி வாயில் பந்துகள் படுத்துக் கிடப்பதைப் பார்த்து வைத்த பெயர் அது, தமிழில் ‘தொட்டில் தொடல்’ என்றால் யாருக்கும் படம் தெரியும். சொல்லுக்குச் சொல் மாற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எது உருவகம், எது வெறும் ஒலித்திரிபு என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள் என்கிறேன்.

பார்க்காமல் மாற்றுகிறவர்கள் இந்த ஆட்டத்தை என்ன பாடு படுத்தியிருக்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினால் முடியாது. பிரேக் என்றால் ஒருவர் தவறவிடாமல் தொடர்ந்து எடுத்த மொத்தப் புள்ளி. அதை ‘இடைவேளை’ என்று எழுதி, லிண்ட்ரம் 4137 இடைவேளை எடுத்ததாகச் சொன்னால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? ‘தொடர் எண்ணிக்கை’ என்று விரித்துச் சொல்லலாம், இல்லையென்றால் பிரேக் என்றே விட்டுவிடலாம். பாட் செய்தார் என்பதில் பானை எங்கே வந்தது? குழியில் போட்டார் என்று எந்தப் பள்ளிக்கூடத்துப் பையனும் சொல்வான். பந்துக்குக் கொடுக்கும் பக்கச் சுழலை அமெரிக்கர்கள் ‘இங்கிலீஷ்’ என்பார்கள், அதையும் விடாமல் ‘ஆங்கிலம் கொடுத்து அடித்தார்’ என்று எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்பவர் பந்தை ஒரு முறை கூட நினைத்துப் பார்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இயந்திரம் போட்டுக் கொடுத்ததை அப்படியே ஒட்டுகிறவர்களைப் பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை, ஆனால் கூலி வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்கள் ஐந்து நிமிடம் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதலாம்.

எல்லாவற்றையும் தமிழாக்கியே தீர வேண்டும் என்பதும் என் கட்சி இல்லை. நம் கிளப்புகளில் புள்ளி குறிப்பவரைத் தலைமுறைகளாக மார்க்கர் என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்கள், அது அப்படியே இருக்கட்டும். ஸ்னூக்கரும் ஸ்னூக்கராகவே இருக்கட்டும். அதன் விதிகளை எழுதி மாட்டியதே நம் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான், நமக்கும் அந்தச் சொல்லில் உரிமை இருக்கிறது. கேனனையும் கேனன் என்றே எழுதுகிறவரோடு எனக்குச் சண்டை கிடையாது, இருதொடல் பிடிக்காதவர் தாராளமாக அப்படியே எழுதட்டும். பீரங்கியை மட்டும் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.