“அதை மட்டும் கார்டுல எழுதாதீங்க, டாக்டர்”

2021-இல் ஒரு நாள் மாலை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் பேங்கில் வேலை பார்ப்பவர். அவருடைய லாப்ரடாருக்கு வயது ஒன்றேகால் இருக்கும். அது அவருடைய இரண்டு கால்களுக்கு நடுவே தன்னைத் திணித்துக்கொண்டு நின்றது. வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. வாய் இறுக மூடியிருந்தது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் பக்கம் ஓட்டியதில் விழியின் வெள்ளை பிறை போலத் தெரிந்தது. ஊசியை எடுக்கக்கூட இல்லை, மூக்கை இரண்டு முறை நக்கிக்கொண்டது.

தடுப்பூசி கார்டில் எழுதினேன்: ‘பயந்த சுபாவம். தொடும் முன் வாய்ப்பூட்டு.’

“அதை மட்டும் எழுதாதீங்க டாக்டர். ஊருக்குப் போறப்ப போர்டிங்ல சேர்த்துக்க மாட்டாங்க. அபார்ட்மெண்ட் அசோசியேஷனுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். யாரையும் கடிச்சதே இல்ல. கொஞ்சம் பயம், அவ்ளோதான்.”

இந்த வசனத்தை மாதம் நான்கைந்து தடவையாவது கேட்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பயந்த நாய் கடிக்காது என்பது நம் ஊரில் ஆழமாகப் பதிந்துபோன நம்பிக்கை. என் மேஜையில் நடப்பது வேறு. என்னைக் கடித்த நாய்களில் பெரும்பாலானவை பயத்தில் கடித்தவை. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறி, உரிமையாளர் கைதானபோது, எல்லோரும் என்னிடம் இனத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். அதற்கு முன்பே, அந்த மார்ச் மாதம், 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெரிய தாடை உள்ள நாய் கடித்தால் சேதம் பெரிது, அதில் சந்தேகமில்லை. ஆனால் நடுங்கிக்கொண்டு சோபாவுக்கு அடியில் போகும் வீட்டு நாயைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

அந்த லாப்ரடார் 2020 ஊரடங்கில் வளர்ந்த குட்டி. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டி எதையெல்லாம் பார்த்துக் கேட்டுப் பழகுகிறதோ, அதுதான் அதற்கு ‘சாதாரண உலகம்’. இது மூன்று மனிதர்களையும் ஒரு டிவியையும் மட்டுமே பார்த்து வளர்ந்தது. ஊரடங்கு இல்லாவிட்டாலும், ஊசியெல்லாம் முடியும்வரை குட்டியை வாசலுக்கே கொண்டுவராதவர்கள் இருக்கிறார்கள். குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோய் வந்துவிடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் குட்டியைத் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய் ஆட்டோ சத்தத்தையும் குடையையும் ஹெல்மெட் போட்டவரையும் காட்டலாம். அதைக்கூடச் செய்வதில்லை.

மூன்றரை வருடம் கழித்து, கேஸ் சிலிண்டர் வந்த ஒரு காலை. சிலிண்டரைத் தரையில் உருட்டிய சத்தத்தில் நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. “என்னடா இதுக்குப் போய்ப் பயந்துக்கிட்டு” என்று தாத்தா பட்டையைப் பிடித்து இழுத்து ஹாலுக்குக் கொண்டுவந்தார். சிலிண்டர் அண்ணன் நேருக்கு நேர் நின்றவரை ஒன்றுமில்லை. பில்லைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். ஆடுசதையில் ஒரே கடி. விட்டுவிட்டு மறுபடியும் கட்டிலுக்கு அடியில். பயந்த நாய் பல சமயம் இப்படித்தான், முதுகு காட்டிய பிறகு கடிக்கும்.

வீட்டில் மஞ்சள்தூளை அப்பினார்கள். தயவுசெய்து மஞ்சளும் வேண்டாம், காப்பித்தூளும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பிறகு நேராக ஆஸ்பத்திரி. ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசியோடு, இம்யூனோகுளோபுலின் என்ற, உடனே வேலை செய்யும் எதிர்ப்பு மருந்தையும் காயத்துக்குள்ளும் சுற்றிலும் போட வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம்தான், ஆனால் முதல் ஊசி நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 என்று நான்கு நாள் போக வேண்டும். தினக்கூலிக்கு அது நான்கு நாள் வேலை. நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் பத்து நாள் கண்காணிக்க வேண்டும்.

அண்ணன் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். சி.எஸ்.ஆர். போட்டார்கள், அதாவது எஃப்.ஐ.ஆருக்கு முந்தைய புகார் ரசீது. அப்போதுதான் பேங்க்காரர் எனக்கு ஃபோன் செய்தார். “டாக்டர், கார்டுல எழுதினீங்கள்ல, அது எனக்கு எதிராப் போயிடுமா?”

நான் வக்கீல் இல்லை. ஆனால் இத்தனை வருடத்தில் ஸ்டேஷன் படியும் கோர்ட் படியும் ஏறியதில் தெரிந்துகொண்டது இவ்வளவு. 2024 ஜூலை 1-லிருந்து நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டம் (இ.பி.கோ.) 289-இன் வாரிசு. உங்கள் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ, எலும்பு முறிவு போன்ற கொடுங்காயமோ ஏற்பட வாய்ப்பு இருந்தும், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தோ அலட்சியத்தாலோ செய்யாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு அபராதம் 1,000 ரூபாயாக இருந்தது. அலட்சியத்தால் காயம் உண்டாக்கியதாக 125-ஆவது பிரிவையும் சேர்க்கலாம். கொடுங்காயம் என்றால் அதில் மூன்று வருடம் வரை போகும். ஜாமீன் கிடைக்கும் குற்றம்தான். ஆனால் எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டால் “நாங்க பேசிக்கிட்டோம் சார்” என்று சொல்லி எழுந்துவர முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது ‘வசம்’ என்ற சொல். நாய் லைசென்ஸ் யார் பெயரில் என்பது அப்புறம். அன்றைக்கு நாய் யார் கையில் இருந்தது என்பதும் கேள்வி. பட்டையைப் பிடித்து இழுத்த தாத்தாவுக்கு வயது எழுபத்து நான்கு.

நஷ்ட ஈட்டு வழக்கு தனி. நாய் போன்ற வீட்டு விலங்கைப் பொறுத்தவரை பழைய ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து வந்த கேள்வி ஒன்று இன்றும் உயிரோடு இருக்கிறது: இதற்கு இப்படி ஒரு குணம் உண்டென்று உனக்கு முன்பே தெரியுமா? தெரிந்தும் வைத்திருந்தால் பொறுப்பு உன் தலையில். தெரியாவிட்டால் உன் அலட்சியத்தைப் புகார்தாரர் நிரூபிக்க வேண்டும்.

ஆகவே பேங்க்காரரின் பயத்தில் அர்த்தம் இருந்தது. அவருக்குத் தெரியும் என்பதற்கு என் கையெழுத்தே சாட்சி. ஆனால் நான் எழுதாமல் விட்டிருந்தால் மட்டும் தெரியாமல் போயிருக்குமா? பக்கத்து ஃப்ளாட்டுக்குத் தெரியும். செக்யூரிட்டிக்குத் தெரியும். ‘இன்னைக்கு லிஃப்ட்ல யாரும் வராதீங்க ப்ளீஸ், எங்க பையன் பயப்படுறான்’ என்று அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் அவரே போட்டிருக்கிறார். கேட்டில் மாட்டியிருக்கும் ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகையும் அப்படித்தான். அது உங்களைக் காப்பாற்றும் கவசம் என்று நினைக்கிறீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கையில் அது வாக்குமூலம். கார்டில் அந்த வரி இருப்பது பிரச்சினை இல்லை. அதற்குக் கீழே எதுவுமே இல்லாததுதான் பிரச்சினை. டாக்டர் சொன்னார், வாய்ப்பூட்டு பழக்கினோம், மருந்து கொடுத்தோம், ஆள் வந்தால் தனி அறையில் விடுகிறோம் என்று காட்ட நாலு வரி இருந்திருந்தால், ‘போதுமான ஏற்பாடு’ செய்தேன் என்று சொல்ல அதே கார்டு அவர் பக்கம் நின்றிருக்கும்.

இன்சூரன்ஸ் இருந்தது அவரிடம். ஆன்லைனில் எடுத்த பாலிசி. அறுவைச் சிகிச்சை, ஆஸ்பத்திரிச் செலவு, நாய் இறந்தால் தொகை. அடுத்தவருக்கு நாய் உண்டாக்கும் காயத்துக்கான தர்டு பார்ட்டி கவர் தனியாகச் சேர்க்க வேண்டியது. அவர் சேர்க்கவில்லை. பைக்குக்கு தர்டு பார்ட்டி கட்டாயம் என்று எல்லோருக்கும் தெரியும். நாய்க்கு நம் நாட்டில் கட்டாயமில்லை, அதனால் அந்தக் கட்டத்தை டிக் செய்பவர் அபூர்வம். பெர்லினுக்குக் குடிபோன என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் தன் சிப்பிப்பாறை நாயைக் கூட்டிப்போனபோது அங்கே இந்தப் பாலிசி எடுத்தே ஆக வேண்டியிருந்தது. பெர்லினில் எல்லா நாய்க்கும் அது சட்டம்.

எடுக்கப் போகிறீர்கள் என்றால் மூன்று இடங்களில் கண்ணை வையுங்கள். விண்ணப்பப் படிவத்தில் நாயின் நடத்தை பற்றிய கேள்வி இருந்தால் ஏஜென்ட் தானாக ‘இல்லை’ போட விடாதீர்கள். உண்மையை மறைத்த பாலிசி கிளெய்ம் நேரத்தில் காகிதம்தான். அப்போது அவர்கள் முதலில் கேட்பது என் கேஸ் ஷீட்டை. அடுத்தது, யார் யாரெல்லாம் ‘தர்டு பார்ட்டி’ என்ற பத்தி. வீட்டில் இருப்பவர்களும் வீட்டு வேலைக்கு வரும் அக்காவும் பல பாலிசிகளில் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். மூன்றாவதுதான் நம் ஊர் வழக்கத்தோடு மோதுவது. கம்பெனியைக் கேட்காமல் தவறை ஒப்புக்கொள்ளவோ பணம் கொடுத்து முடிக்கவோ கூடாது என்று பொறுப்புக் காப்பீட்டில் நிபந்தனை இருக்கும். நாமோ ஸ்டேஷன் பெஞ்சிலேயே பேசி முடிப்பவர்கள். கடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அங்கே உட்கார்ந்திருக்கும்போதே கம்பெனிக்கு ஃபோன், ஒரு ஈமெயில். கோர்ட் போடும் அபராதத்தை எந்தப் பாலிசியும் கட்டாது. வெறிநோய்த் தடுப்பூசி தேதி தவறியிருந்தால் கிளெய்ம் பேச்சே தடுமாறும். சென்னையில் மாநகராட்சி லைசென்ஸும் அந்தத் தடுப்பூசிச் சான்று இல்லாமல் வராது.

பயந்து நிறையப் பேர் செய்வது, கடித்த நாயை மாடிப்படிக்கு அடியில் நிரந்தரமாகச் சங்கிலியில் கட்டுவது. எப்போதும் கட்டியே வைத்து நடக்கவிடாமல் இருப்பது 1960-ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் குற்றம். சட்டத்தை விடுங்கள், கட்டிப்போட்ட பயந்த நாய்க்கு ஓடும் வழி அடைபட்டுவிட்டது. மிச்சமிருப்பது பல் மட்டும்.

முதலில் என்னைப் போன்ற ஒருவரிடம் வலி இருக்கிறதா என்று பாருங்கள். காதுப் புண், இடுப்பு மூட்டு, சொத்தைப் பல் என்று கடிக்குப் பின்னால் வலி ஒளிந்திருந்த நாய்கள் ஏராளம். வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. பின்னாலிருந்து தொட்டால் அது திடுக்கிட்டுக் கடிக்கும், அதைத் திமிர் என்பார்கள். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் எச்சரிக்கை. அடித்தால் அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். வாய்ப்பூட்டில் துணிப்பட்டை வேண்டாம், கூடை மாதிரி இருப்பது வேண்டும். அதில்தான் நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்க முடியும். உள்ளே கொஞ்சம் தயிர் தடவி, நாயே மூக்கை நுழைக்கும்வரை இரண்டு வாரம் பொறுங்கள். கழுத்துப் பட்டையைப் பின்னோக்கி உருவிக்கொண்டு ஓடுவதில் பயந்த நாய்கள் கில்லாடிகள். தீபாவளி வாரத்தில் ரோட்டில் பைக்குக்குக் குறுக்கே விழுவது இவைதான், அந்த விபத்துக்கும் உங்களிடம்தான் வருவார்கள். மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் போடுங்கள். மருந்து தேவைப்படும் நாய்களும் உண்டு, அதை டாக்டர் எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். வரை போகாமல் அந்த விஷயம் முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஆட்டோ, நான்கு நாள் கூலி, மேலே கொஞ்சம் என்று பேங்க்காரர் கைக்காசைக் கொடுத்தார்.

இப்போது சிலிண்டர் அண்ணன் கீழே வண்டியை நிறுத்திவிட்டு முதலில் ஃபோன் செய்கிறார். “உள்ள விட்டுட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் லிஃப்டில் ஏறுகிறார். நாய் அதற்குள் கூடை வாய்ப்பூட்டோடு படுக்கையறையில், கதவு தாழ்ப்பாள் போட்டபடி. போன மாதம் ஊசிக்கு வந்தபோது பேங்க்காரர் கார்டை நீட்டி, “டாக்டர், இதையும் எழுதிடுங்க” என்றார். தேதி போட்டு எழுதிக் கொடுத்தேன்.